குத்துமதிப்பு

எத்தனை மாதம் என்று கேட்டார்கள்.
குவோப்பியோவில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
கூட்ட அறையில் காப்பி மட்டும் சூடாக இருந்தது.
ஐந்து மருத்துவமனைகள், முப்பத்தொன்பது மென்பொருள்கள்,
எல்லாம் ஒன்றாக வேண்டும்.
அதற்கு ஒரு எண் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.

பதினான்கு என்றேன்.
எங்கிருந்து வந்தது அந்தப் பதினான்கு?
போன வேலைக்குப் பத்து சொல்லி இருபது ஆனது.
அந்த வெட்கத்தில் நாலைக் கூட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.
இயக்குநர் துர்ப்பெய்னென்
பேனாவைத் திருகிக்கொண்டே பத்து என்று எழுதினார்.
மீன் பேரம்தான்.
மீனாவது கண்ணெதிரே கிடக்கும்.

நோயாளி என்றால் யார் என்பதிலேயே ஐந்து கட்சி.
ஒரு மருத்துவமனையில் வாசலைத் தாண்டினால் நோயாளி,
இன்னொன்றில் கட்டில் கிடைத்தால்.
மூன்றாவது ஒன்றில், கட்டணம் தீரும்வரை
செத்தவரும் நோயாளி.
இதைப் பேசவே ஒரு குழு போட்டார்கள்.
குழுவுக்கு யார் தலைமை என்று பேச
ஜனவரியில் ஒரு தேதி.

சுவரில் வரைபடம். பெட்டிகள், நடுவே அம்புகள்.
பெட்டிகளுக்குச் சொந்தக்காரர் உண்டு,
பட்ஜெட் உண்டு, அழைக்க ஓர் எண் உண்டு.
அம்புகளுக்கு யாருமில்லை.
இவர் அது அவருடையது என்பார்,
அவர் விடுமுறையில் இருப்பார்.

ஒவ்வொரு அம்பாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
ஒன்று, இரவு இரண்டு நாற்பதுக்குத் தானே எழும் ஒரு நிரல்.
எழுதியவர் தன் பெயரை விட்டுவிட்டு
"தொடாதே" என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்.
இன்னொன்றில், ஒவ்வாமை என்ற கட்டத்துக்குள்
மருந்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
"மகளைக் கேட்கவும்."
எந்த மகள்?
எட்டு நாள் என்று குறித்தேன். அழித்தேன்.
கேள்விக்குறி போட்டேன்.
அட்டவணை அதை ஏற்கவில்லை.

ஒன்பதாவது அம்பு ஏரியைக் கடந்தது.
ரத்தப் பரிசோதனை முடிவுகள்,
மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு.
பக்கத்தில் "தானியங்கி" என்று சின்ன எழுத்தில்.
இரண்டு கரையிலும் தேடினேன்.
கேபிள் இல்லை, நிரல் இல்லை, ஒப்பந்தம்கூட இல்லை.
ஆனால் முடிவுகள் தினமும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன,
பதினோரு வருடமாக.

அடித்தள ஆய்வகத்தில் சனெல்மா இருந்தாள்.
ஐந்தேகாலுக்குத் தொலைபேசியை எடுத்தாள்.
"ஹில்க்கா, தயாரா?"
பிறகு வாசித்தாள், அவசரமே இல்லாமல்:
பொட்டாசியம் நான்கு புள்ளி ஒன்று.
மறுமுனை திருப்பிச் சொன்னது: நான்கு புள்ளி ஒன்று.
அடுத்த பெயர். அடுத்த எண்.
ஆறு புள்ளி எட்டு வந்தபோது வாசிப்பதை நிறுத்தினாள்.
"இந்த ஆளை இப்போதே போய்ப் பார்."
தொலைபேசியை வைக்கவில்லை.
நாற்காலி நகரும் சத்தமும்
ஓடும் செருப்புச் சத்தமும் எனக்கும் கேட்டன.

சொன்னதைத் திருப்பிச் சொல்வதற்கு
எங்கள் தொழிலில் நீளமான ஒரு பெயர் உண்டு.
ஆறு வார வேலை.
நிறுத்தினாளே, அதற்கு?

"எத்தனை நாளாகும், என்னை எழுதி முடிக்க?"
கேலி இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.
ஏப்ரலில் முழங்கால் அறுவை,
ஹில்க்காவிடம் இன்னும் சொல்லவில்லை.
இருவரும் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

வியாழன் இரவு ஒன்பதாவது வரிசையை நிரப்பினேன்.
அமைப்பின் பெயர்: சனெல்மா.
சார்ந்திருப்பது: ஹில்க்கா.
நாட்கள் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்,
மொத்தம் கூட்டும் இடத்தில் சிவப்பாக ஒரு பிழை வந்தது.
அதையும் விட்டுவைத்தேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் இழுத்துக்கொண்டே போனது.
துர்ப்பெய்னென் அந்த வரிசையில் விரலை வைத்து
இது எந்த நிறுவனத்தின் மென்பொருள் என்றார்.
ஐந்தேகால் வரை பொறுங்கள் என்றேன்.
கடிகாரத்தில் ஐந்து ஐந்து.
யாரோ காப்பி ஊற்றினார்கள்.